குடை உச்சியில் செம்மஞ்சள் வட்டம்

வெள்ளை வெள்ளையாக இல்லை என்பதுதான் ஹவ்வாவின் முறைப்பாடு. புதுத் தொலைக்காட்சி வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. மக்காவில் கஃபாவைச் சுற்றி நடக்கிற இலட்சம் பேரும், நீலம் கூடிப்போன வாளியில் முக்கி எடுத்தவர்களைப் போலத்தான் தெரிந்தார்கள். அந்த இலட்சம் பேருக்குள் அவளுக்கு வேண்டியது ஒரே ஒருவர். அவளுடைய புருசன் செய்னுலாப்தீன்.

ஹஜ்ஜுக்குப் போனவரின் வீட்டார் நேரடி ஒளிபரப்பிலேயே கண்ணாக இருப்பது தில்லையடியில் புதுமையில்லை. மற்றவர்கள் ஆசைக்குப் பார்ப்பார்கள். ஹவ்வா காவலுக்குப் பார்த்தாள்.

செய்னுலாப்தீனுக்குச் சீனி வருத்தம். போன வருடம் இடது காலின் சின்ன விரலை வெட்டி எடுத்தார்கள். "இனி ஒருக்கா சீனி ஏறினா விரலோட நிக்காது, கால்தான்" என்று டொக்டர் விரித்துச் சொன்னார். மனுசன் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே முச்சக்கர வண்டிக்காரனிடம் டொபி வாங்கித் தின்றவர். வீட்டில் தொப்பிக்குள், தலையணை உறைக்குள், ஒரு முறை நகவெட்டிப் பெட்டிக்குள் என்று அவர் ஒளித்த இனிப்பையெல்லாம் ஹவ்வா தோண்டி எடுத்திருக்கிறாள். மக்காவுக்கு எப்படிப் போய்த் தோண்டுவது? அவருடைய கையில் இருந்ததும் படம் காட்டாத பழைய பொத்தான் போன்.

அதனால் ஹவ்வா ஒரு வேலை செய்தாள். அவர் போன குழுவில் நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் குடை கொடுத்திருந்தார்கள். அவருடைய குடையின் உச்சியில், முன் அறை ஜன்னல் சீலையில் மிஞ்சிய செம்மஞ்சள் துணியைப் பீங்கான் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டித் தைத்துவிட்டாள். கேமரா மேலிருந்து பார்க்கிறது, ஆகவே அடையாளமும் மேலே இருக்க வேண்டும். இந்த யோசனை தன் தலைக்குள் வந்ததில் அவளுக்குச் சின்னதல்லாத பெருமை.

"எங்கட நானா அல்லாஹ்ட வீட்டுக்குப் போயும் களவாத் திம்பாரா, மச்சி? இப்படி ஒரு புத்தி உங்களுக்கு எங்கிருந்து வருது?" என்றாள் ஸுலைஹா. செய்னுலாப்தீனின் கூடப்பிறந்த தங்கச்சி. அடுத்த வளவுதான் அவள் வீடு. மூன்று நாளாகத் தன் வீட்டு அடுப்பை மறந்து இந்த வீட்டுக் கதிரையில் இருந்தாள்.

"உன்ட நானாட புத்தி எனக்குத் தெரியும். நீ பாத்துக்கொண்டு இரு."

"என்னத்தப் பாக்கிற? எல்லாரும் நீலமா இரிக்காங்க."

அதுதான் சிக்கல். படம் தெளியாமல் குடையைக் கண்டுபிடிக்க முடியாது. ஹவ்வா தன் தம்பி ஜபாருக்குப் போன் போட்டாள்.

ஜபார் பாலாவியில் உப்புக் களஞ்சியத்தில் தரம் பிரிக்கிறவன். உப்பைக் கையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்து, முதல் தரம், இரண்டாந்தரம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவான். அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு பீங்கானில் கொட்டி, தொலைக்காட்சியின் காலடியில் வைத்தான். தூய வெள்ளை உப்பு.

"இது என்னத்துக்குடா? கண்ணூறு கழிக்கவா?"

"வெள்ளைக்கு ஒரு அளவு வேணும் ராத்தா. இருவத்தாறு வருசமா இதுதான் என்ட அளவு." ரிமோட்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையையும் உப்பையும் மாறி மாறிப் பார்த்தான். "ம்ம்... இந்த இஹ்ராம் உடுப்பு ரெண்டாந்தரம்."

"அஸ்தஃபிருல்லாஹ்! இஹ்ராமுக்குத் தரம் சொல்றான்!" என்று ஸுலைஹா வாயில் கை வைத்தாள்.

"டிவியத்தான் சொன்னன், ராத்தா."

ஜபார் படத்தின் நிறத்தைக் குளிரிலிருந்து சூட்டுப் பக்கம் தள்ளினான். நீலம் போனது. இன்னும் தள்ளினான். வெள்ளை உடுப்பு உப்போடு ஒத்துப்போனது. ஆனால் அந்த உடுப்புக்கு மேலே இருந்த முகங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன.

"இலட்சம் பேருக்கும் செங்கமாரி" என்றாள் ஹவ்வா.

முகத்தைத் தேற்றுவதற்கு வெளிச்சத்தைக் கூட்டினான். முகம் தேறியது, கஃபாவின் கறுப்புப் போர்வை சாம்பலானது. ஸுலைஹா பதறினாள். கறுப்பை மீட்பதற்கு அடுத்த கோட்டை இழுத்தான். கறுப்பு வந்தது. வந்த கறுப்பு பக்கத்தில் நின்ற நூறு பேரையும் சேர்த்து விழுங்கிவிட்டது. விழுங்கியவர்களை வெளியே எடுப்பதற்குக் கூர்மை என்ற ஒன்றைக் கடைசிவரை ஏற்றினான். ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. ஆட்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல இருந்தது.

"முன்ன கொஞ்சமாவது மனிசராத் தெரிஞ்சாங்க" என்றாள் ஸுலைஹா. "தா இஞ்ச!" என்று ரிமோட்டைப் பறித்து, திரும்பிப் போகிற பொத்தான் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றை நான்கு தரம் அழுத்தினாள்.

திரையில் இருந்த ஆங்கிலம் மறைந்தது. பெட்டி பெட்டியாக, குச்சி குச்சியாக வேறொரு எழுத்து வந்தது. அதற்குப் பின்னால் மக்காவும் மறைந்தது.

மூன்று பேரும் கறுத்த திரையையே பார்த்தார்கள். அதில் தெரிந்தது மூன்று பேரின் முகங்கள்தான்.

"இது சீன எழுத்துப் போல" என்றான் ஜபார்.

"உன்ட மச்சானைச் சீனத்துல தேடுறதா இப்ப?" ஹவ்வாவின் குரல் உடைந்தது. விளையாட்டாகச் சொல்ல வந்தது விளையாட்டாக வரவில்லை. "அவருக்கு ஒண்டு நடந்தா நான் ஆரிட்ட போய்க் கேக்கிற, ஜபார்?"

அழுகிற ராத்தாவைப் பார்த்து ஜபாருக்குப் பழக்கமில்லை. அவசர அவசரமாக ஒரு படத்தையும் ஒரு அம்புக்குறியையும் பிடித்துக்கொண்டு, அலைவரிசைகளைப் புதிதாகத் தேட விட்டான். எண்கள் ஓடின. சிங்கள நாடகம் ஒன்று, கிரிக்கெட் ஒன்று, எங்கோ ஒரு நாட்டுச் சமையல் என்று வந்து போய், ஒரு புது எண்ணில் கஃபா திரும்ப வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! கை வைக்காத. இனி ஒண்டிலயும் கை வைக்காத" என்றாள் ஸுலைஹா.

ஆனால் ஹவ்வா கை வைத்தாள். ரிமோட்டின் மூலையில் பூதக்கண்ணாடி போட்ட ஒரு பொத்தான் அவளுடைய கண்ணில் பட்டுவிட்டது. அழுத்தினாள். படம் ஒரு பாய்ச்சலில் பெருத்தது. மேலே மினாராக்களின் தலை போனது, கீழே முன்வரிசை ஆட்களின் கால் போனது. நடுவில் நின்றவர்கள் மட்டும் எட்டிக் கை கொடுக்கலாம் போலக் கிட்ட வந்தார்கள்.

"இதை ஏன்டா முதலே செய்யல்ல?"

"கால் இல்லையே, ராத்தா."

"எனக்கு அவங்கட கால் தேவையில்ல. உன்ட மச்சான்ட கால்தான் தேவை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சிய ஜன்னல் சீலைத் துண்டைக் கொண்டுவந்து திரையோடு சேர்த்துப் பிடித்தாள். "இந்த நிறம் நல்லா எடுபடோணும். ஏத்து."

ஜபார் ஏற்றினான். எந்தக் கோடு எதற்கு என்று எழுத்தை வாசிக்க வழியில்லை. கோடு நீண்டால் நிறம் ஏறுகிறது, அவ்வளவுதான். ஒரு மூலையில் நின்ற பொலிஸ்காரனின் தொப்பி செம்மஞ்சளானது. பிறகு ஒரு வயோதிபரின் தாடி. பிறகு ஒரு தண்ணீர்ப் பீப்பா.

"இப்ப எல்லாமே செம்மஞ்சளா இரிக்கு, ராத்தா."

"நல்லதுதானே. எங்கட ஆள் அதைவிட நல்லாத் தெரிவாரு."

அடுத்த நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் தெரிந்தார்.

ஹவ்வா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேமரா பள்ளிவாசலின் வெளிமுற்றத்தில் மெதுவாக ஊர்ந்து வந்தது. படிக்கட்டில் ஒரு வெள்ளைக் குடை. உச்சியில் பீங்கான் அளவில் செம்மஞ்சள் வட்டம். குடைக்குக் கீழே தலை தெரியவில்லை. தொந்தி தெரிந்தது. கையும் தெரிந்தது. அந்தக் கையில், உயரமாக, சுருள் சுருளாக, ஒரு ஐஸ்கிறீம்.

கீரை நிலத்தில் சிந்தியது. "ஸுலைஹா! வா, உன்ட நானா திங்கிறத வந்து பாரு!"

ஸுலைஹா வேலி இடைவெளியால் ஓடி வந்தாள். பார்த்தாள். தொந்தியைப் பார்த்ததும் அவளுடைய முகம் இருண்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "குடையை வச்சுச் சொல்ல ஏலுமா? அது வேற ஆரும்."

"வேற ஆருமா? இரு."

ஹவ்வா போனை எடுத்து, ஸுலைஹாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டாள். மூன்றாவது மணியில் செய்னுலாப்தீன் எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், புள்ள. இந்த நேரத்தில?"

"வஅலைக்கும் சலாம். எங்க இரிக்கிறீங்க?"

"ஹரம் பள்ளிக்கு வெளியிலதான். படியில. சும்மா காத்தாட."

ஹவ்வா ஸுலைஹாவைப் பார்த்தாள். ஸுலைஹா கூரையைப் பார்த்தாள்.

"குடை எங்க?"

"கையில."

"மத்தக் கையில?"

அந்தப் பக்கம் எதையோ அவசரமாக விழுங்குகிற சத்தம் கேட்டது.

"மத்தக் கையில என்ன எண்டு கேட்டன்."

"தஸ்பீஹு மணி."

"தஸ்பீஹை ஆராவது நக்குவாங்களா?"

மக்காவில் எங்கோ ஒரு வாகனம் ஹோர்ன் அடித்தது. பிறகு செய்னுலாப்தீன், குரலை நன்றாகத் தாழ்த்தி, "உனக்கு ஆரு சொன்ன?" என்றார்.

"ஆரு சொல்லோணும்? புது டிவில பாத்துக்கொண்டு இரிக்கன்."

"நேராத் தெரியுதா?"

"மீசையில ஒட்டியிருக்கிறதும் தெரியுது."

சரசரவென்று ஒரு சத்தம். அவர் மீசையைத் துடைக்கிறார் என்று இரண்டு பேருக்குமே விளங்கியது.

"ஹவ்வா, கோவிக்காத. ஒண்டுதான். இண்டைக்கு ஒண்டே ஒண்டுதான்."

"இண்டைக்கா?"

"நேத்து ரெண்டு. அது வெயில் கூட."

"குளிசை?"

"குளிசை... பையில இரிக்கு."

"எந்தப் பையில? நான் வாயைத் தச்சுத் தந்த மாதிரியேவா?"

"நூல் பிரிக்கல்ல" என்றார் செய்னுலாப்தீன், ஒரு பிள்ளையைப் போல. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வானத்திலிருந்து பெண்சாதி பார்க்கிறாள் என்ற அச்சம் அவரை விடவில்லை. "தலையணைக்குக் கீழ ஈத்தம்பழ அல்வா ஒரு பெட்டி இரிக்கு. அறைக்குள்ளயும் கேமரா இரிக்கா, புள்ள?"

ஹவ்வா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அல்வாவக் கண்டுதானே கோல் எடுத்தன்."

திரையில் கேமரா எப்போதோ நகர்ந்து புறாக்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

"கையக் காட்டுறன், தெரியுதா?" என்றார் அவர்.

"தெரியுது. கையக் காட்டினது போதும், காலை நினைச்சுப் பாருங்க. ஒரு விரல் போன நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுக் கிடந்தவ நான். முழுக் காலும் போனா எனக்கு எங்க கிடக்கிறது எண்டும் தெரியாது."

"அல்வாவ இப்பவே குடுத்திர்றன்" என்றார் செய்னுலாப்தீன்.

போனை வைத்ததும் ஸுலைஹா குனிந்து நிலத்தில் கிடந்த கீரையைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்து, நிமிராமலே, "நூலே பிரிக்கல்லயாம்" என்றாள். அதுதான் அவள் மன்னிப்புக் கேட்ட விதம். ஹவ்வா அதைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தினாள்.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை செய்னுலாப்தீனே அழைத்தார். வெளிமுற்றத்தில் வெட்டவெளியாக ஓர் இடத்தைப் பிடித்து நின்றுகொண்டு, குளிசையை வானத்துக்கு உயர்த்திக் காட்டிவிட்டு விழுங்குவாராம். "பாத்தியா?" என்பார். "பாத்தன். தண்ணி காணாது, இன்னும் கொஞ்சம் குடிங்க" என்பாள் ஹவ்வா. திரையில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பதில் ஒன்றுதான். செம்மஞ்சள் வட்டம் இடைக்கிடை ஒவ்வொரு மூலையிலும் தெரியத்தான் செய்தது. மனுசன் ஒரு இடத்தில் நிற்காதவர் என்பது அவளுக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

"மீராசாஹிப் ஹாஜியார் இப்ப என்ட குடைக்குப் பக்கத்தில வாறதில்ல" என்று ஒருநாள் அவர் குறைப்பட்டார். "அவர் ஃபலூதா குடிக்கிறத நீ கண்டு பொஞ்சாதிக்குச் சொல்லிருவ எண்டு பயம்."

"கண்டனான்தான்" என்றாள் ஹவ்வா. அடுத்த நாள் மீராசாஹிப் ஹாஜியாரும் ஃபலூதாவை விட்டார்.

தில்லையடியில் கதை பரவிற்று. நேரே புருசனைக் காட்டுகிற டிவி ஹவ்வாவிடம் இருக்கிறது என்று பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். உப்புப் பீங்கான் இன்னும் அதன் காலடியிலேயே இருந்தது. அதில் கை வைக்க ஜபார் யாரையும் விடவில்லை. "படத்துக்கு அதுதான் உயிர்" என்றான். மாலையானால் களஞ்சியத்திலிருந்து நேரே வந்து, மார்பில் கையைக் கட்டிக்கொண்டு, தான் பெற்ற பிள்ளையைப் பார்க்கிறது போலத் திரையைப் பார்த்து நின்றான்.

ஹஜ்ஜுக் கடமைகளுக்காக மினாவுக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெரிய செய்தி வந்தது. குழுவோடு போன டொக்டர் எல்லோருக்கும் சீனி பார்த்திருந்தார்.

"போய் இறங்கின கிழமை முன்னூத்திப் பத்து" என்றார் செய்னுலாப்தீன் போனில். "இண்டைக்கு நூத்தி நாப்பத்தெட்டு. என்ன ஹாஜியார் செஞ்சீங்க எண்டு டொக்டர் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"என்ட பொஞ்சாதி டிவி பாக்கிறா எண்டு சொன்னன்."

ஹவ்வா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. முன் அறை நிறைந்திருந்த பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஸுலைஹா எழுந்து வந்து, எல்லோருக்கும் முன்னால், ஹவ்வாவின் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். "எங்கட நானாட காலைக் காப்பாத்தினது நீங்கதான், மச்சி" என்றாள். அப்படி ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து கேட்பதற்காக இன்னொரு தொலைக்காட்சியும் வாங்கலாம் என்று ஹவ்வாவுக்குப் பட்டது.

அந்த நேரத்தில்தான் ஸுலைஹாவின் மகள் முஃப்லிஹா உள்ளே வந்தாள். பெண்கள் அறபுக் கல்லூரியில் தங்கிப் படிக்கிறவள். பெருநாள் விடுமுறைக்கு அன்று காலைதான் வந்திருந்தாள்.

"மாமி, ஏன் எல்லாருக்கும் கால் இல்ல?"

"அது கிட்டப் பாக்கிறதுக்காக, மகள்."

"முகமும் செம்மஞ்சளா வத்தாளங்கிழங்கு மாதிரி இரிக்கே." அவள் ரிமோட்டை எடுத்தாள். ஜபார் ஓர் அடி முன்னே வந்தான். ஆனால் அவள் சீன எழுத்துக்குள் போய் எதையோ தேடி, எதையோ ஒத்துக்கொண்டு, நிறங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிப்படுத்திவிட்டாள். பூதக்கண்ணாடிப் பொத்தானையும் அழுத்தி, பெருத்த படத்தைப் பழைய அளவுக்கு இறக்கினாள்.

படம் ஒருமுறை அணைந்து விரிந்தது.

ஜபார் உப்புப் பீங்கானைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "முதல் தரம்" என்றான் மெல்ல, தோற்றவன் வென்றவனுக்குச் சொல்கிற மாதிரி. மினாராக்களுக்குத் தலை வந்திருந்தது. ஆட்களுக்குக் கால் வந்திருந்தது. இத்தனை நாளும் வெட்டுப்பட்டுக் கிடந்த கீழ் ஓரத்தில், பச்சைப் பட்டையில், அழகான அறபு எழுத்தில் ஒரு வரியும் வந்திருந்தது.

அறபு எழுத்தைக் கண்டதும் அறை முழுவதும் முந்தானைகள் தலைக்கு ஏறின. ஸுலைஹா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, அந்த வரியைக் கூட்டிக் கூட்டி ஓதி முடித்தாள். ஹவ்வா போனையும் திரைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். "உங்களுக்காகத்தான் ஓதுறம், கேளுங்க" என்றாள்.

"ஆமீன்" என்றார்கள் பெண்கள். "ஆமீன்" என்றார் மக்காவிலிருந்து செய்னுலாப்தீன், தழுதழுத்த குரலில்.

முஃப்லிஹா எல்லோரும் முகத்தில் கை தடவி முடிக்கும்வரை மரியாதையாகப் பொறுத்திருந்தாள். பிறகு ஹவ்வாவின் கையிலிருந்த போனை மெதுவாகப் பொத்திக்கொண்டு, காதோடு சொன்னாள்:

"மாமி, அது துஆ இல்ல. போன வருச ஹஜ்ஜில எடுத்து வச்ச படம் எண்டு போட்டிரிக்கு."